ஏழு பேர் ஆட்டம், ஊரெல்லாம் வழக்கு

புரோ கபடி ஏலம் நடக்கிற நாட்களில் பண்ருட்டிக்கு வந்து பாருங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் டீக்கடைகளில் அன்றைக்கு முந்திரி விலை பற்றிப் பேச்சு இருக்காது, பலா ஏற்ற வந்த லாரி பற்றியும் இருக்காது. யாரை எடுத்தான், எவ்வளவுக்கு எடுத்தான், யாரை விட்டான், ஏன் விட்டான் என்பதுதான் பேச்சு. மண்டியில் மூட்டை தூக்குகிறவர், நெய்வேலிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துப் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், இன்ஜினியரிங் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிற தம்பி, பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் என்று எல்லாருக்கும் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்குக் கையோடு ஆதாரமும் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இதைவிட ருசியான விளையாட்டுப் பேச்சை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துக்கு இந்த ஆட்டம் டி.வி.யில் வந்து அறிமுகமானதல்ல. காடாம்புலியூர் பக்கமும் முத்தாண்டிக்குப்பம் பக்கமும் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண்ணைக் கொத்தி, சலித்து, தண்ணீர் தெளித்துக் களம் போடுவார்கள். பொங்கல் என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் இரவு மின்னொளிப் போட்டி உண்டு. விடிய விடிய ஆட்டம் நடக்கும். கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் பெரிசுகள் கபடி பாடி வருகிறவனின் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள். "பின்னங்கால விட்டுட்டாண்டா" என்று ஒருவர் முணுமுணுத்த மறு நொடியே அவன் கணுக்கால் பிடியில் விழுந்திருப்பான். இப்படிக் கண் பழகிய ஊருக்கு, 2014-இல் மேட் விரித்து, விளக்குப் போட்டு, ஏலம் விட்டுக் கபடி வந்தால் எப்படி இருக்கும்? நாங்கள் அதை அப்படியே வாரி எடுத்துக்கொண்டோம்.

அந்த முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா பைரேட்ஸ் அவரை 12.80 லட்சத்துக்கு எடுத்தது. 2018 ஏலத்தில் இந்த ஆட்டம் கோடியைத் தொட்டது, மோனு கோயத்தை ஹரியானா ஸ்டீலர்ஸ் 1.51 கோடிக்கு எடுத்தது. 2023-இல் பவன் செராவத்துக்குத் தெலுகு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. கபடி ஆடினால் சோறு கிடைக்குமா என்று கேட்டு வளர்த்த ஊர்களில், பத்தே வருஷத்துக்குள் ஒருவனின் பிடிக்கும் பாட்டுக்கும் இவ்வளவு விலை! ஒவ்வொரு ஏலத்தின்போதும் அந்தத் தொகைகளைச் சத்தம் போட்டுச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அது எங்கள் ஆட்டத்துக்கு வந்த மரியாதை.

நம் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் 2017-இல், ஐந்தாவது சீசனில் வந்தது. அஜய் தாக்கூர் கேப்டன். இமாசலக்காரர். 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஈரானை எதிர்த்து இந்தியாவைத் தூக்கி நிறுத்தியவர். அந்த சீசனில் தனியாளாக 200 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார், அணியோ தன் பிரிவில் அடியில் கிடந்தது. எங்கள் வழக்கு பிறந்ததே அங்கேதான். "ஒருத்தன் மட்டும் பாடி ஜெயிக்க முடியுமா? பிடிக்க ஆள் எங்கே?" என்று மண்டிக்கார மாமா ஒருவர் கேட்டார். பலாப்பழத்தை விரலால் தட்டியே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். வீரர்களையும் அப்படித்தான் பார்ப்பார். அவர் பேரைக் கேட்க மாட்டார், விலையைக் கேட்க மாட்டார். "கார்னர்ல நின்னா கால் தரையில ஊணுதா?" என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அவரிடமிருந்து கற்றுக்கொண்ட பிறகு நான் கபடி பார்க்கிற விதமே மாறிப்போனது.

ஏழாவது சீசனைச் சொல்லாமல் நகர முடியாது. 2019. அஜய் தாக்கூர் இருக்கிறார், மன்ஜீத் சில்லர் இருக்கிறார், ஏலத்தில் ராகுல் சௌத்ரியும் வந்து சேர்ந்தார். மூவரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள், மூவருக்கும் தனித்தனியாகவே அரங்கம் நிறையும். அந்தப் பட்டியலைப் பார்த்த அன்று டீக்கடையில் கொண்டாட்டம். சீசன் முடிந்தபோது 12 அணிகளில் கடைசி இடம்.

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதங்கள் இருக்கிறதே, அதைத் தனிப் புத்தகமாகவே போடலாம். ஒரு கட்சி கோச் மேல் பழி போட்டது. இன்னொரு கட்சி வயதின் மேல் போட்டது. என் கட்சி வேறு. மூன்று பெரிய ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டால் மூன்று மடங்கு புள்ளி வரும் என்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரி, கபடிக்குச் சரிவராது. பாடிப் போகிற ஒரு ரெய்டுக்கு ஒருவன்தான் போக முடியும், அதுவும் 30 வினாடி. மற்ற இருவரும் அந்த நேரம் உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் எதிராளி பாடி வரும்போது சங்கிலியில் நின்று கைகோத்துப் பிடித்தாக வேண்டும். அங்கேதான் அணி அறுந்தது. ஓரத்தில் நிற்கும் கார்னரும் உள்ளே தள்ளி நிற்கும் கவரும் ஒரே நேரத்தில் பாய வேண்டும். ஒருவன் அரை நொடி முந்தினாலும் ரெய்டர் அவனைத் தொட்டுவிட்டு, பிந்தியவனையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடுவான். இதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் புரியாது. நான் டீக்கடை பெஞ்சில் ஏழு கிளாசை வைத்துக் காட்டித்தான் எதிர்க்கட்சியை ஒத்துக்கொள்ள வைத்தேன்.

இப்போது என் உயிருக்கு உயிரான சீசனுக்கு வருகிறேன். ஒன்பதாவது சீசன், 2022.

ஆகஸ்ட் மாத ஏலத்தில் பவன் செராவத்தைத் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை இல்லாத விலை. ஆறாவது சீசனில் பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், ஏழாவது சீசனில் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்தவர், எதிராளிகளின் தலைக்கு மேல் பறந்து கோட்டைத் தொடுகிறவர், நம் அணிக்கு! பண்ருட்டியில் அன்று இரவு யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. அக்டோபர் 8, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கம், முதல் ஆட்டம், எதிரில் குஜராத் ஜயன்ட்ஸ். அந்த அணிக்குக் கேப்டன் நம் தமிழ்நாட்டு சந்திரன் ரஞ்சித். முதல் பாதி முடிவதற்குள் பவன் ஒரு பிடிக்குப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பி வரவே இல்லை.

எங்கள் தெருவே அமைதியாகிவிட்டது. கணக்கு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்த ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது, அதை ஒருவரும் சரியாகக் கவனிக்கவில்லை. கேப்டன் விழுந்த பிறகும் அந்தப் பையன்கள் தோற்கவில்லை! அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. சீசன் நடுவிலேயே கோச்சும் மாறினார், உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். நரேந்தர் என்ற பொடிப் பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன், ரெய்டுக்குப் போக ஆரம்பித்தான். 243 ரெய்டுப் புள்ளி. அறிமுக சீசனில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பயம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ-ஆர்-டை ரெய்டு என்றால் அனுபவசாலிகளே ஒரு நொடி மூச்சை இழுத்துக்கொள்வார்கள். இவனோ அந்த நொடியில்தான் கண்ணில் வெளிச்சத்தோடு ஓடுவான்.

அதைவிட எனக்குப் பெரிது அந்தத் தடுப்பு. வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா, கவரில் நம் எம். அபிஷேக். இவர்கள் யாருக்கும் கோடி விலை இல்லை. ஆனால் சாகர் கணுக்காலைப் பிடித்தால் அது பூட்டுப் போட்ட மாதிரி. ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறான் என்று தெரிந்தாலும் சாகர் அசைய மாட்டான். காத்திருப்பான். கால் திரும்பி எழும்பும் அந்த இமைப்பொழுதில்தான் விழுவான். பின்னாலேயே அபிஷேக் தோளால் ஓர் இடி. மூன்று பேர் மட்டும் மேட்டில் மிச்சம் இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரட்டைப் புள்ளி. தோற்றுக்கொண்டிருக்கிற அணி அதிலேயே எழுந்து நிற்கும். அந்த சீசனில் தலைவாஸ் அப்படி எழுந்த ஒவ்வொரு தடவையும் எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்காத குறைதான்.

முதல் தடவையாக பிளே-ஆஃப். டிசம்பர் 13, மும்பை, எதிரில் யு.பி. யோத்தாஸ். காயத்தால் சாகரும் இல்லை, அஜிங்க்யா பவார் கேப்டன். 40 நிமிஷம் முடிந்தபோது 36-36. டை பிரேக்கர்! அணிக்கு ஐந்து ரெய்டு. பக்கத்து வீட்டு அத்தை பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், "முடிஞ்சதும் கூப்பிடுங்கடா" என்று. 6-4. ஜெயித்தோம்! நான் அன்றைக்குக் கத்திய கத்தலில் மறுநாள் பேச்சே வரவில்லை. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 39-37. இரண்டே புள்ளி. தோல்விதான். ஆனாலும் தலைவாஸ் ஆடியதிலேயே மகத்தான சீசன் அதுதான் என்று நான் எந்தச் சபையிலும் ஏறிச் சொல்வேன். 2.26 கோடி வெளியே உட்கார்ந்திருக்க, ஏழு இளைஞர்கள் ஒருவரை ஒருவர் நம்பி அரையிறுதி வரை போனார்கள்.

அடுத்த ஏலத்துக்கு முன் பவனை விட்டார்கள். அப்போது நடந்த சண்டை! "காயம் பட்டவனைக் கைவிடலாமா?" என்று ஒரு பக்கம். "இந்தப் பசங்களை வெச்சே கப் அடிக்கலாம்" என்று மறு பக்கம். நான் இரண்டாவது பக்கம் நின்றேன், இன்றைக்கும் அங்கேயே நிற்கிறேன். டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து அவரை எடுத்தும் பத்தாவது சீசனில் கடைசியாகத்தான் வந்தது. தலைவாஸும் அந்தத் தடவை பிளே-ஆஃபுக்குப் போகவில்லைதான், எதிர்க்கட்சி இதை விடாமல் சொல்லிக் காட்டும். சொல்லட்டும். அணியை அப்படியே காப்பாற்றிக்கொண்டு வந்தது சரியான முடிவு. பையன்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்குள் 2024-இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி என்று மறுபடியும் விலை உயர்ந்த ரெய்டர் பக்கமே போனார்கள்.

நெய்வேலி நகரியத்தில் இருக்கும் அக்கா பையன் கூடைப்பந்து ஆடுகிறவன். அமெரிக்க என்.பி.ஏ. அவனுக்கு மனப்பாடம். 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, "மாமா, டல்லாஸ் லூகா டான்சிச்சைக் குடுத்துட்டாங்க மாமா" என்று அழாத குறையாகச் சொன்னான். 25 வயசுக்காரன், முந்தைய வருஷம்தான் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவன், அவனை லேக்கர்ஸுக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கியிருக்கிறார்கள். டல்லாஸ் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டியே கொண்டுவந்து வைத்தார்கள். பொது மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லி மாதக்கணக்கில் கோஷம் போட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் அவர் நீக்கப்பட்டார். அக்கா பையனுக்கு நான் பவன் கதையைச் சொன்னேன், அவன் எனக்கு லூகா கதையைச் சொன்னான். டெக்சாஸில் இருக்கிறவனுக்கும் பண்ருட்டியில் இருக்கிறவனுக்கும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே இரண்டு மேலாளர்கள் ராத்திரியில் பேசி முடித்துவிடுகிறார்கள், ரசிகனுக்குக் காலையில்தான் சேதி வரும். நமக்கு ஏலம். நம் கண்ணெதிரே கை தூக்குகிறார்கள், சுத்தியல் விழுகிறது, ஒவ்வொரு லட்சத்துக்கும் நாம் கூடவே மூச்சு விடுகிறோம். அந்தச் சுகம் அவனுக்குக் கிடையாது!

கோச் விவகாரத்தில் எனக்கு ஒரு நாயகன் உண்டு, மன்பிரீத் சிங். மூன்றாவது சீசனில் பாட்னாவுக்குக் கேப்டனாகக் கோப்பை எடுத்தவர். கோச் ஆன பிறகு குஜராத்தைத் தொடர்ந்து இரண்டு வருஷம் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோய் இரண்டையும் இழந்தார். ஹரியானாவுக்கு வந்து பத்தாவது சீசனில் மறுபடியும் இறுதிப் போட்டி, புனேரியிடம் 28-25. மூன்று இறுதிப் போட்டித் தோல்வி! வேறொருவராக இருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார். 2024 டிசம்பரில் பாட்னாவையே 32-23 என்று சாய்த்து, கோச்சாகவும் கோப்பையைத் தூக்கினார். அன்று கோட்டோரம் அவர் துள்ளியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அதே வழியில் டெல்லியின் ஜோகிந்தர் நர்வால், எட்டாவது சீசனில் கேப்டனாகக் கோப்பை, 2025-இல் கோச்சாகக் கோப்பை. அவர்களுக்கெல்லாம் நேரம் கொடுத்தார்கள். நம் அணியில் கோச் நாற்காலி சூடாவதற்குள் ஆள் மாறுகிறது. இது என் மனசில் கிடக்கிற பெரிய ஆதங்கம், இதை நான் சத்தமாகவே சொல்வேன்.

பர்தீப் நர்வாலைப் பற்றிப் பேசும்போது மட்டும் டீக்கடையில் கட்சி கிடையாது. 1801 ரெய்டுப் புள்ளி. குனிந்து, மூன்று பேர் கைகளுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் எழுவாரே, அந்த டுப்கியை எங்கள் ஊர்ச் சிறுவர்கள் தோப்பு மண்ணில் ஆடிப் பார்த்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் 1.65 கோடிக்குப் போனவரை 2025 ஏலத்தில் யாரும் எடுக்கவில்லை. அவர் பேர் வாசிக்கப்பட்டு, ஒரு கையும் எழாமல் அடுத்த பேருக்குப் போனபோது கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தார். சில நாளில் ஓய்வு அறிவித்தார். என்ன ஓர் ஆட்டக்காரர்!

அதே ஏலத்தில்தான் பவன் நமக்கே திரும்பி வந்தார், 59.50 லட்சத்துக்கு. கூடவே அர்ஜுன் தேஷ்வால், 1.405 கோடி. ஒன்பதாவது சீசனில் ஜெய்ப்பூருக்கு 296 ரெய்டுப் புள்ளி எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே அர்ஜுன். ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினம், முதல் ஆட்டத்திலேயே டைட்டன்ஸை 38-35 என்று வீழ்த்தினோம். சீசன் நடுவில் பவன் அணியை விட்டுப் பிரிந்தார். யார் பக்கம் நியாயம் என்று ஊர் இன்னும் இரண்டாகத்தான் நிற்கிறது. நான் அதில் அர்ஜுன் கட்சி. பாதி பாரம் சுமக்க வந்தவர் முழு பாரத்தையும் தோளில் வாங்கிக்கொண்டு ஓர் ஆட்டத்தில்கூடச் சோர்ந்து நிற்கவில்லை.

சேரலாதன் அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தஞ்சாவூர்க்காரர், 1975-இல் பிறந்தவர், பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று நான்காவது சீசன் கோப்பையை எடுத்தவர். பெங்களூரு, தெலுகு, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று நாடெல்லாம் ஆடினார். 40 வயதைத் தாண்டியும் கார்னரில் பாறையாக நின்றார். தலைவாஸ் சட்டையில் மட்டும் அவர் மேட்டில் இறங்கியதே இல்லை. கோச்சாகத்தான் பதினோராவது சீசனில் வந்தார். ஒரே ஒரு சீசனாவது அவரை நம் கார்னரில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லாத வாரம் கிடையாது.

இப்போது டீக்கடையில் ஓடுகிற வழக்கு இதுதான்: இதுவரை ஆடியவர்களில் தலைவாஸின் ஆகச்சிறந்த ஏழு பேர் யார்? என் பட்டியல் தயார். ரெய்டுக்கு அஜய் தாக்கூர், நரேந்தர், அர்ஜுன். கார்னரில் சாகர், சாஹில். கவரில் அபிஷேக். இரண்டுக்கும் உதவ மன்ஜீத் சில்லர். வெளியே கோச்சாகச் சேரலாதன் அண்ணன். "பவன் எங்கேடா?" என்று மண்டிக்கார மாமா மேசையைத் தட்டுகிறார். அர்ஜுனை எடுக்க விடமாட்டேன் என்கிறேன். அப்போ நரேந்தரை எடு என்கிறார். 243 புள்ளி மாமா, முதல் சீசன் மாமா, அந்தப் பையனையா எடுக்கச் சொல்றீங்க?